பழைய ஸ்போர்ட்ஸ் காரின் டேஷ்போர்டு விளக்குகள், மீட்டர்கள், மரப்பலகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் 1960களின் பிரிட்டிஷ் வண்டிகளைப் பற்றித்தான் பேச்சு: எம்ஜிபி, ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், கூடவே ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. ஹெரால்டு ஸ்போர்ட்ஸ் கார் இல்லைதான், ஆனால் ஸ்பிட்ஃபயரின் சேஸிஸ் ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கிச் செய்தது, அந்த ஹெரால்டு 1961லிருந்து சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் தயாரானது, அதனால் ஹெரால்டில் கை பழகிய எலக்ட்ரீஷியன் நம் ஊர்களில் இன்னும் கிடைக்கிறார். மூன்று வண்டிகளிலும் மீட்டர் ஸ்மித்ஸ் கம்பெனியுடையது, மின்சாரச் சாமான் லூகாஸ் கம்பெனியுடையது. ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதும் புரியும்.

ராத்திரியில் ஒரு மீட்டரும் தெரியவில்லை. எல்லா பல்பையும் மாற்றிவிடலாமா?

மாற்றாதீர்கள், முதலில் பாருங்கள். எல்லா மீட்டர் விளக்கும் ஒரே நாளில் அணைந்தது என்றால் எல்லா பல்பும் ஒன்றாகச் சேர்ந்து போயிருக்க வாய்ப்பே இல்லை, எல்லாவற்றுக்கும் பொதுவான ஏதோ ஒன்று விட்டுப் போயிருக்கிறது. அந்தப் பொதுவான இடங்கள் மூன்றுதான்: லைட் சுவிட்சிலிருந்து வரும் சிவப்பு வயர், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர், அப்புறம் எர்த், அதாவது கரண்ட் வண்டியின் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் வழி.

எம்ஜிபி போன்ற வண்டிகளில் டிம்மர்தான் முதல் சந்தேகம். உள்ளே மெல்லிய கம்பியைச் சுருளாகச் சுற்றி, அதன் மேல் ஒரு சின்னப் பித்தளை நாக்கு உரசிக்கொண்டு போகும்படி வைத்திருக்கிறார்கள். வருஷக்கணக்கில் யாரும் அதைத் திருப்புவதில்லை, நாக்கு ஒரே இடத்தில் உட்கார்ந்து அந்த இடம் கறுத்துவிடுகிறது. சைடு லைட்டைப் போட்டுவிட்டு டிம்மரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பத்துப் பதினைந்து முறை திருப்புங்கள், பாதி வண்டிகளில் அதிலேயே வெளிச்சம் வந்துவிடும். வரவில்லை என்றால் டிம்மருக்குள் போகும் சிவப்பு வயரையும் வெளியே வரும் சிவப்பு-வெள்ளை வயரையும் ஒரு துண்டு வயரால் நேரடியாக இணைத்துப் பாருங்கள். அப்போது விளக்கு எரிந்தால் குற்றவாளி டிம்மர். இந்தச் சோதனைக்குப் பத்துப் பைசா செலவில்லை.

எர்த், எர்த் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதை எப்படிச் சோதிப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள், ஏனென்றால் டேஷ்போர்டு என்று என்னிடம் வரும் புகார்களில் பெரும்பங்கு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது.

ஸ்மித்ஸ் மீட்டரில் விளக்கின் ஒரு முனைக்குத்தான் வயர் உண்டு, இன்னொரு முனை மீட்டரின் உடம்பு. மீட்டரின் உடம்பு டேஷ்போர்டின் இரும்பைத் தொட்டு, அந்த இரும்பு வண்டியின் பாடியைத் தொட்டு, அப்படித்தான் கரண்ட் பேட்டரிக்குத் திரும்புகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியில் துருவோ பெயிண்டோ இருந்தாலும் விளக்கு மங்கும். பெயிண்டர் ஒருவர் டேஷ்போர்டை அழகாகப் புதுப் பெயிண்ட் அடித்துக் கொடுத்த பிறகு மீட்டர் விளக்கு செத்துப் போகும் கதை இதனால்தான். மரப்பலகை வைத்த வண்டி என்றால் மரத்தில் கரண்ட் போகாது, அதனால் ஒவ்வொரு மீட்டருக்கும் தனியாகக் கறுப்பு வயர் இருக்க வேண்டும். மீட்டரைப் பிடித்து நிற்கும் பட்டையின் நட்டுக்கு அடியில் அது மாட்டப்பட்டிருக்கும். பலகையைப் பாலிஷ் போட எடுத்துவிட்டுத் திரும்ப மாட்டும்போது விட்டுப் போகிற முதல் சாமான் அந்தக் கறுப்பு வயர்தான்.

சோதிப்பது சுலபம். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். விளக்கைப் போடுங்கள். ஒரு முனையை பேட்டரியில் எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கிறதோ அதில் வையுங்கள், இன்னொன்றை மீட்டரின் உடம்பில். 0.1 வோல்ட் அல்லது அதற்கும் கீழே காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று காட்டினால் அவ்வளவு வோல்ட் விளக்குக்குப் போகாமல் வழியிலேயே வீணாகிறது என்று அர்த்தம். அப்புறம் முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் போங்கள்: மீட்டரின் உடம்பு, பிடிப்புப் பட்டை, டேஷ்போர்டு இரும்பு, பாடி. எந்த இடத்தில் எண் சட்டென்று விழுகிறதோ அந்த இடத்துக்கும் அதற்கு முந்தின இடத்துக்கும் நடுவில்தான் கோளாறு. அதைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, உலோகம் பளிச்சென்று தெரிந்ததும் துளி கிரீஸ் தடவி இறுக்குங்கள்.

பல்புதான் போயிருக்கிறது. என்ன பல்பு கேட்பது, எங்கே கிடைக்கும்?

மரை வைத்த சின்ன பல்பு என்றால் 12 வோல்ட், 2.2 வாட், லூகாஸ் எண் 987. பின் வைத்துத் திருகி மாட்டுவது என்றால் 12 வோல்ட், 2 வாட், எண் 281. கழற்றின பல்பைக் கையில் எடுத்துக்கொண்டு போவதுதான் உத்தமம். அம்பாசிடர் உதிரிப் பாகம் வைத்திருக்கும் கடையில் "மரை வைச்ச மீட்டர் பல்பு" என்று கேட்டால் புரியும்.

பழைய டார்ச் லைட் பல்பின் மரையும் இதே அளவுதான், அழகாக ஏறிவிடும். ஆனால் அது இரண்டு, மூன்று வோல்ட்டுக்குச் செய்தது, லைட்டைப் போட்ட நொடியில் போய்விடும். அதேபோல வெளிச்சம் அதிகம் வேண்டும் என்று வாட் கூடின பல்பைப் போடாதீர்கள், மீட்டருக்குள் இருக்கும் பச்சை பிளாஸ்டிக் வடிகட்டி அந்தச் சூட்டில் வளையும், மே மாத வெயிலில் மூடி நிறுத்திய வண்டிக்குள் அது ஏற்கெனவே கொதித்துக்கொண்டுதான் இருக்கிறது.

மீட்டருக்குப் பின்னால் கை போகவில்லையே?

போகாது. முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள், பாடியோடு சேர்ந்திருக்கும் முனையை முதலில். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஸ்பேனர் பிடித்த கை தவறி, ஃபியூஸ் இல்லாத பழுப்பு வயரைத் தொட்டால் வயரிங் முழுக்கப் புகையும்.

சீட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, முடிந்தால் கழற்றியே விட்டு, முதுகைத் தரையில் வைத்து தலையை பெடல் பக்கம் கொண்டுபோய்ப் படுத்துப் பாருங்கள். பல்பு ஹோல்டர் மீட்டரின் பின்பக்கத் துளையில் வெறுமனே அழுத்திச் சொருகியிருக்கும். அதை வயரைப் பிடித்து இழுக்காதீர்கள், ஹோல்டரின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து, லேசாக ஆட்டி, நேராக இழுங்கள். வெளியே வந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் இரண்டு மூன்று மெல்லிய தகட்டு விரல்கள் இருக்கும், அவைதான் மீட்டரின் உடம்பைத் தொட்டு எர்த் கொடுப்பவை. அவற்றில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும், அல்லது அழுந்தி அழுந்தி உள்பக்கமாகப் படுத்துவிட்டிருக்கும். பழைய டூத் பிரஷில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் தேய்த்து, தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து, விரல்களை நகத்தால் ஒரு மயிரிழை வெளியே நிமிர்த்திவிட்டு மாட்டினால் புது ஹோல்டர் போலவே பிடிக்கும். பல்பு உட்காரும் நடுப்புள்ளியையும் துடையுங்கள்.

ஸ்பீடோமீட்டரை முழுதாக வெளியே எடுக்க வேண்டும் என்றால் பின்னால் சொரசொரப்பான விளிம்புள்ள நட்டைக் கையாலேயே தளர்த்தி கேபிளை விடுவித்துவிட்டு, பிடிப்புப் பட்டையைக் கழற்றி, முன்பக்கமாக எடுக்கலாம். வயர்களைப் பிரிக்கும் முன் செல்போனில் நாலைந்து படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. எம்ஜிபி மார்க் 1 போன்ற வண்டிகளில் ஆயில் பிரஷரும் தண்ணீர்ச் சூடும் ஒரே மீட்டரில் இருக்கும். சூடு காட்டும் பாதிக்கு எஞ்சினிலிருந்து வருவது வயர் இல்லை, மெல்லிய செப்புக் குழாய். அதற்குள் ஈத்தர் அடைத்து மூடியிருக்கிறார்கள். அதை மடித்தாலோ வெட்டினாலோ மீட்டர் அத்தோடு போய்ச் சேரும், சாதாரண மெக்கானிக்கால் திரும்ப நிரப்ப முடியாது. இன்னொரு பாதிக்கு எஞ்சின் ஆயிலே நேராக வருகிறது, ஆகையால் அந்த இணைப்பைக் கழற்றினால் அடியில் துணி போடுங்கள், மாட்டும்போது வாஷர் புதிதாகப் போடுங்கள்.

எல்இடி பல்பு போடலாமா?

மீட்டர் வெளிச்சத்துக்கு மட்டும் என்றால் தாராளமாகப் போடலாம், கரண்ட் குறைவு, சூடு குறைவு, பிளாஸ்டிக்குக்கும் நல்லது. நீலம் பாய்ந்த வெள்ளை வேண்டாம், ஸ்மித்ஸ் முகத்துக்கு அது ஒட்டவே ஒட்டாது. மஞ்சள் கலந்த வெள்ளை எடுங்கள். பழைய டிம்மர் எல்இடியை அவ்வளவாகக் குறைக்காது என்பதையும் தெரிந்துகொண்டு போடுங்கள்.

எச்சரிக்கை விளக்குகள் வேறு கதை. சிவப்பு இக்னிஷன் விளக்கில் எல்இடி போடவே கூடாது என்பேன், குறிப்பாக ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் கருவி) வைத்த வண்டியில். லூகாஸின் 16ஏசிஆர், 17ஏசிஆர் போன்ற ஆல்டர்னேட்டர்கள் சார்ஜ் செய்யத் தொடங்குவதற்கு அந்த 2.2 வாட் பல்பு வழியாக வரும் சின்ன கரண்ட்டைத்தான் நம்பியிருக்கின்றன. எல்இடியில் அந்த அளவு கரண்ட் போகாது, விளைவு, வண்டியை நன்றாக ஆக்சிலரேட்டர் மிதிக்கும் வரை சார்ஜே ஆகாமல் கிடக்கும், பேட்டரி கெட்டது என்று நினைத்துப் புது பேட்டரி வாங்குவீர்கள். அதே காரணத்தால் அந்தச் சாதாரண பல்பு ஃபியூஸ் போனாலும் சார்ஜ் நிற்கும். ஆல்டர்னேட்டருக்குப் பதில் பழைய டைனமோ வைத்த வண்டியில் இந்தத் தொல்லை இல்லை, பல்பு போனாலும் டைனமோ தன் வேலையைச் செய்யும்.

இண்டிகேட்டர்களிலும் பழைய சூட்டு வகை ஃபிளாஷர் இருந்தால் எல்இடி வேண்டாம். அந்த ஃபிளாஷர் பல்புகள் இழுக்கும் கரண்ட்டின் சூட்டில்தான் விட்டு விட்டு எரிகிறது. கரண்ட் குறைந்தால் துடிப்பு நின்றுவிடும்.

பிரேக் மிதித்தால் மீட்டர் விளக்கு லேசாக எரிகிறது! பேய் பிடித்ததா?

பின் விளக்கின் எர்த் விட்டுப் போயிருக்கிறது. பின்பக்க பல்பில் இரண்டு இழைகள் உண்டு, 21 வாட் பிரேக்குக்கு, 5 வாட் டெயில் விளக்குக்கு. இரண்டுக்கும் எர்த் ஒன்றுதான். அது போய்விட்டால் பிரேக்குக்கு வந்த கரண்ட் திரும்ப வழி தேடி, 5 வாட் இழைக்குள் புகுந்து, சிவப்பு வயரில் எதிர்த்திசையில் ஓடி, அதே சிவப்பு வயரோடு சேர்ந்திருக்கும் மீட்டர் விளக்குகள் வழியாக எர்த் ஆகிறது. நீங்கள் டேஷ்போர்டைப் பிரித்துப் போட்டுத் தேடினாலும் அங்கே ஒன்றும் கிடைக்காது. டிக்கியைத் திறந்து விளக்கின் அடித்தட்டை, அது பாடியோடு சேரும் இடத்தைச் சுத்தம் செய்யுங்கள்.

இண்டிகேட்டர் போடும்போது மற்ற விளக்குகளும் சேர்ந்து மினுங்கினால் அதுவும் இதே சாதிதான், முன் விளக்கைப் பாருங்கள். இதைச் சரி செய்யாமல் ஓட்டாதீர்கள், நீங்கள் பிரேக் போட்டது பின்னால் வரும் பஸ்காரருக்குத் தெரியவே தெரியாது.

சிவப்பு இக்னிஷன் விளக்கு அணையாமல் மங்கலாக எரிகிறதே?

அந்த பல்பு இரண்டு பக்கமும் கரண்ட் உள்ள இடத்தில் தொங்குகிறது: ஒரு பக்கம் இக்னிஷன் சாவியிலிருந்து வரும் வெள்ளை வயர், மறு பக்கம் டைனமோ அல்லது ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் பழுப்பு-மஞ்சள் வயர். இரண்டிலும் வோல்ட் சமமாக இருந்தால் அணைந்திருக்கும். மங்கலாக எரிந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஹெட்லைட் போட்டால் மட்டும் மினுங்குகிறது என்றால் பெரும்பாலும் சார்ஜில் குறை இல்லை, வெள்ளைப் பக்கத்துக்குப் போகும் வழியில் எங்கோ இணைப்பு பலவீனமாக இருக்கிறது. சாவிச் சுவிட்சின் பின்பக்கம், பழுப்பு வயரின் புல்லட் கனெக்டர்கள், ஃபியூஸ் பெட்டியின் தகடுகள், இந்த வரிசையில் பாருங்கள். வேகம் கூடக் கூட வெளிச்சமும் கூடினால் வண்டியை ஓட்டாமல் சார்ஜிங்கைச் சோதிக்க வேண்டும்.

வயர் நிறங்களை எப்படிப் புரிந்துகொள்வது?

லூகாஸ் நிறங்கள் மனப்பாடம் ஆகிவிட்டால் வரைபடமே வேண்டாம். பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக, எப்போதும் கரண்ட். வெள்ளை, சாவி போட்டால் கரண்ட். பச்சை, சாவி போட்டதும் ஃபியூஸ் வழியாக வருவது. ஊதா, ஃபியூஸ் உண்டு, சாவி வேண்டாம். சிவப்பு, சைடு லைட்டும் மீட்டர் லைட்டும். நீலம் ஹெட்லைட், அதில் வெள்ளைக் கோடு போட்டது ஹை பீம், சிவப்புக் கோடு போட்டது டிம். பச்சையில் சிவப்புக் கோடு இடது இண்டிகேட்டர், வெள்ளைக் கோடு வலது. பச்சையில் கறுப்புக் கோடு பெட்ரோல் டேங்குக்கு, நீலக் கோடு தண்ணீர்ச் சூட்டுக்கு. வெள்ளையில் பழுப்புக் கோடு ஆயில் விளக்கு. கறுப்பு எர்த்.

நம் வெயிலில் நிறம் வெளுத்து எல்லாமே ஒரே அழுக்கு மஞ்சளாகத் தெரியும். முனையைப் பார்க்காதீர்கள். கட்டியிருக்கும் டேப்பை ஓர் அங்குலம் பிரித்து, வெளிச்சம் படாத இடத்தைத் துடைத்துப் பாருங்கள், நிறம் அப்படியே இருக்கும்.

வெட்டிப் போட்டுக் கறுப்பு டேப் சுற்றுவதுதான் நம் ஊர்ப் பட்டறைகளில் வழக்கம், அது எனக்குப் பெரிய வருத்தம். பழைய வயரிங் ஹார்னெஸை (வயர்க்கட்டை) வெட்டினால் அடுத்து வருபவருக்குத் தலையும் வாலும் புரியாது. வெட்டத்தான் வேண்டும் என்றால் அதே நிற வயரைச் சேர்த்து, ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள்.

பெட்ரோல் முள்ளும் சூட்டு முள்ளும் பொய் சொல்கின்றன.

இரண்டும் சேர்ந்து பொய் சொன்னால் மீட்டரைத் தொடாதீர்கள், வோல்டேஜ் ஸ்டெபிலைசரைப் பாருங்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டியை விடச் சின்னதாக ஒரு தகரப் பெட்டி இருக்கும். உள்ளே சூடானால் வளையும் இரட்டை உலோகத் தகடு, விட்டு விட்டு இணைத்து, 12 வோல்ட்டை சராசரியாக 10 வோல்ட் ஆக்கி இரண்டு மீட்டருக்கும் கொடுக்கிறது. அதுவும் தன் உடம்பு வழியாகத்தான் எர்த் ஆகிறது. எர்த் விட்டுப் போனால் முழு 12 வோல்ட்டும் போய், இரண்டு முள்ளும் உயரமாக நிற்கும். எஞ்சின் கொதிக்கிறது என்று பயந்து ரேடியேட்டரைக் கழற்றுவதற்கு முன் அந்த ஒரு ஸ்க்ரூவை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

மல்டிமீட்டர் வைத்தால் எண் குதித்துக்கொண்டே இருக்கும், அது கோளாறு இல்லை, அதன் இயல்பே அப்படி. மாற்ற வேண்டும் என்றால் 7810 என்ற பத்து வோல்ட் ஐசியைப் பழைய பெட்டிக்குள்ளேயே வைத்து ஈயம் வைத்துவிடலாம், சென்னை ரிச்சி தெருவில் சாதாரணமாகக் கிடைக்கிறது, வெளியே பார்க்க வண்டி அசலாகவே இருக்கும். பாசிட்டிவ் எர்த் வண்டிக்கு, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்ந்திருக்கும் வண்டிக்கு, 7910.

ஒரு முள் மட்டும் தப்பு என்றால் அந்த மீட்டரின் வயரை, அல்லது சென்டரை (sender, டேங்கிலோ எஞ்சினிலோ இருந்து மீட்டருக்கு அளவு சொல்லும் கருவி) பாருங்கள். சாவி போட்டதும் முள் மெதுவாக ஏறும் வகையா, சட்டென்று குதிக்கும் வகையா என்று கவனியுங்கள். மெதுவாக ஏறும் வகையில் டேங்க் பக்கத்துப் பச்சை-கறுப்பு வயரைக் கழற்றி ஒரு கணம் பாடியில் தொட்டால் முள் நிறைவு பக்கம் போக வேண்டும். போனால் மீட்டரும் வயரும் சரி, டேங்குக்குள் இருக்கும் சென்டர்தான் போயிருக்கிறது. குதிக்கும் பழைய வகையில் இது தலைகீழ், காலி காட்டும். பெட்ரோல் பக்கத்தில் பொறி வரக் கூடாது, ஆகவே சாவியை அணைத்துவிட்டு, டேங்கிலிருந்து தள்ளி வயரை எர்த் செய்துவிட்டு, அப்புறம் சாவி போடுங்கள்.

என் வண்டி பாசிட்டிவ் எர்த் என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

1967 வாக்கில்தான் இந்த வண்டிகள் நெகட்டிவ் எர்த்துக்கு மாறின: எம்ஜிபி மார்க் 2, ஸ்பிட்ஃபயர் மார்க் 3. அதற்கு முந்தியவை பாசிட்டிவ். மாற்றுவது முடியாத காரியம் இல்லை, ஆனால் எலக்ட்ரானிக் டாக்கோமீட்டர் (எஞ்சின் சுற்று வேகம் காட்டும் மீட்டர்) உள்ள வண்டியில் அதன் உள்ளேயும் இணைப்பை மாற்ற வேண்டும், அப்படியே விட்டு எஞ்சினைக் கிளப்பினால் டாக்கோ கெட்டுவிடலாம். ரேடியோ வைக்க வேண்டும் என்பதற்காக மட்டும் என்றால் வேண்டாம் என்பேன். எப்படி இருந்தாலும் பேட்டரிக்குப் பக்கத்தில் "பாசிட்டிவ் எர்த்" என்று பெரிதாக எழுதி ஒட்டிவையுங்கள், அவசரத்துக்கு பேட்டரி மாட்டித் தரும் பையனுக்கு அது தெரியாது.

ஃபியூஸ்?

லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 ஆம்பியர் என்று போட்டிருப்பது அது எரிந்து அறும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17தான். இன்று கடையில் 35 என்று விற்பது தொடர்ந்து 35 தாங்கும் ஃபியூஸ், அதைப் போட்டால் வயர் எரியும், ஃபியூஸ் எரியாது. 15 அல்லது 20 போடுங்கள். ஆரம்பகால ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் ஃபியூஸே கிடையாது. அந்த வண்டிகளில் மீட்டர் விளக்குகளின் சிவப்பு வயரில் 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைச் சேர்த்துவிடுவது நல்லது, நாலு பல்பும் சேர்ந்து ஒரு ஆம்பியர்கூட இழுப்பதில்லை.

பல்பு புதிது, எர்த் சரி, ஆனாலும் மங்கல். ஏன்?

மீட்டருக்குள் வெள்ளைப் பெயிண்ட் அடித்திருப்பார்கள், வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் விழ வைக்க. ஐம்பது வருஷத்தில் அது பழுப்பாகிவிடும். முன்வளையத்தின் பின்புறம் சின்னப் பற்கள் இருக்கும், உடம்பின் விளிம்பில் வெட்டுகள் இருக்கும். வளையத்தைத் திருகி இரண்டும் நேருக்கு நேர் வந்தால் கழன்று வரும். உள்ளே ரப்பர் இறுகி ஒட்டியிருப்பதால் முதலில் அசையாது. ஹேர் டிரையரால் மெதுவாகச் சூடு காட்டி, இரண்டு கையாலும் சமமாகப் பிடித்துத் திருப்புங்கள், ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் வளையம் கோணும். உள்ளே வெள்ளை மேட் பெயிண்ட், முகத்திலும் முள்ளிலும் கை படவே கூடாது, எழுத்துகளைத் துணியால் துடைத்தாலும் அழிந்துவிடும். திரும்ப மூடும்போது ரப்பரைப் புதிதாகப் போடாவிட்டால் நம் ஊர்ச் செம்மண் தூசி ஒரு கோடைக்குள் கண்ணாடியின் உள்பக்கம் படிந்துவிடும்.

மரப்பலகை வெடித்து, மேலே ஒட்டிய மெல்லிய மரத்தாளான வெனீர் கிளம்பியிருக்கிறது. நம் ஊர் ஆசாரி செய்வாரா?

அருமையாகச் செய்வார், இந்த ஒரு வேலைக்கு வெளியூர் போகவே வேண்டாம். வீட்டுக் கதவு நிலையில் அத்தனை நுணுக்கம் செதுக்கிய ஊர் இது. ஆனால் சில விஷயங்களை அவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஸ்பிட்ஃபயர் மார்க் 3-ல் நடுவில் இருக்கும் மீட்டர் பலகை பிளைவுட் மேல் வெனீர் ஒட்டியது. இடித்த வீட்டிலிருந்து வந்த பர்மா தேக்கு கையில் இருக்கிறது, அதிலேயே கனமாக ஒன்று செய்துவிடலாம் என்று ஆசைப்படுவார். கனம் கூடினால் மீட்டரின் பிடிப்புப் பட்டை பின்னால் எட்டாது, சுவிட்சின் கழுத்தில் நட்டு ஏறாது. பழைய பலகையின் கனத்தை வெர்னியரால் அளந்து அதையே கேளுங்கள். ஒரே துண்டு மரம் வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் சுருங்கி விரியும், பிளைவுட் அவ்வளவு அசையாது.

தேக்கு வெனீர் என்றால் ஒட்டுவதற்கு முன் தின்னர் போட்டுத் துடைக்கச் சொல்லுங்கள், தேக்கின் எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது. அரக்கு பாலிஷ் வீட்டு மரச்சாமானுக்கு அழகு, மூடின காரின் சூட்டில் அது இளகும். பியூ (பாலியூரித்தேன்) பாலிஷ் போடுங்கள். மீட்டர் துளைகளைப் பழைய பலகையை மேலே வைத்து அச்செடுத்து வெட்ட வேண்டும், கம்பாஸ் வைத்துப் புதிதாக வரைந்தால் அரை மில்லிமீட்டர் பிசகும். திரும்ப மாட்டும்போது கறுப்பு எர்த் வயர், மேலே சொன்னதுதான்.

நட்டு ஏற மாட்டேன் என்கிறது, சுவிட்சு ஆடுகிறது.

மீட்டரின் பின்னால் உள்ள சின்ன நட்டுகள் பெரும்பாலும் பிஏ என்ற பழைய பிரிட்டிஷ் மரை, பாடியில் உள்ளவை யுஎன்எஃப் என்ற அங்குல மரை. கடையில் கிடைக்கும் மில்லிமீட்டர் நட்டு இரண்டு சுற்று ஏறி இறுகும், அதற்கு மேல் திருகினால் மரை போய்விடும். கழற்றின ஒவ்வொரு நட்டையும் அதன் இடத்திலேயே திரும்ப மாட்டி வையுங்கள். வளையங்களின் குரோமியம் போயிருந்தால் மதுரையிலோ கோயம்புத்தூரிலோ பிளேட்டிங் போடலாம், ஆனால் பின்பற்களைத் தேய்த்துவிட வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

நாங்கள் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும்தான் ஊருக்கு வருகிறோம். மீதி நாள் கார் கொட்டகையில் பூட்டியே கிடக்கிறது.

செட்டிநாட்டில் பாதி வண்டிகளின் நிலை இதுதான். முதல் எதிரி எலி. டேஷ்போர்டுக்குப் பின்னால் இருட்டு, கதகதப்பு, எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள ஃபயர்வால் தகட்டில், வயர் போகும் துளையைச் சுற்றிய பழைய ரப்பர் வளையம் (குரோமெட்) உதிர்ந்து போன ஓட்டைகள், உள்ளே வந்து கூடு கட்டி வயரைக் கடித்துவிடும். அந்த ஓட்டைகளுக்குப் புது குரோமெட் போடுங்கள், ஹீட்டர் காற்று வரும் வாய்க்கு மெல்லிய கம்பி வலை கட்டுங்கள். கார் நிற்கும் கொட்டகையில் நெல் மூட்டை வைக்காதீர்கள்.

பேட்டரியின் எர்த் முனையில் ஒரு திருகு வகை கட்-ஆஃப் மாட்டி, ஊரை விட்டுக் கிளம்பும்போது அதைக் கழற்றிவிட்டுப் போங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சாவி இருந்தால், வந்து போகும்போதெல்லாம் கட்-ஆஃபை மாட்டி, ஒவ்வொரு சுவிட்சையும் டிம்மரையும் நாலைந்து முறை போட்டு அணைத்துவிட்டுத் திரும்பக் கழற்றச் சொல்லுங்கள், எஞ்சினைக் கிளப்பக்கூட வேண்டாம். உரசிக்கொண்டே இருக்கும் தகட்டில் களிம்பு ஏறாது. திரும்பி வந்து முதல்முறை பேட்டரி மாட்டும் முன் டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். பஞ்சு, காகிதத் துண்டு, புழுக்கை ஏதாவது கண்ணில் பட்டால் மாட்டாதீர்கள், முதலில் வயர்களை முழுக்கப் பாருங்கள்.

விண்டேஜ் பதிவுக்கு இதெல்லாம் தடையாகுமா?

ஆகாது. 2021ல் வந்த மத்திய அரசு விதிப்படி ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியை விண்டேஜாகப் பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், புதுப்பிக்க 5,000, நம்பரில் விஏ என்ற எழுத்துகள் வரும். அவர்கள் பார்ப்பது சேஸிஸ், பாடி, எஞ்சின் மூன்றும் மாற்றப்படாமல் இருக்கிறதா என்பதைத்தான். பல்பும் எர்த் வயரும் ஸ்டெபிலைசரும் அந்தக் கணக்கில் வராது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது, கல்யாண ஊர்வலத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு அனுப்புவதும் அதில் சேர்த்தி.